கயாக் செலுத்துவதால் வந்த தோள் வலியும் மேல்முதுகு வலியும்: துடுப்பை நிறுத்தத்தான் வேண்டுமா?

நீலாம்பல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன்; வயது 46. கடந்த பதினான்கு மாதங்களாகச் சனிக்கிழமை காலைகளில் பிடோக் நீர்த்தேக்கத்தில் இரண்டு மணி நேரம் கயாக் (இருமுனையிலும் அலகுள்ள துடுப்பால் ஓட்டும் சிறு படகு) செலுத்தி வருகிறேன். இதுவரை உள்ளங்கைக் கொப்புளத்தைத் தவிர வேறு தொல்லை எதுவும் இருந்ததில்லை.

ஐந்து வாரங்களுக்கு முன் எங்கள் குழுவினர் எட்டுப் பேர் புலாவ் உபின் தீவைச் சுற்றி வந்தோம். எனக்கு அதுவே முதல் நீண்ட பயணம். கரையேற ஏறத்தாழ ஐந்து மணி நேரமாயிற்று. தீவின் வடபுறத்தில், ஜொகூர் நீரிணையில், நீரோட்டம் எங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. எவ்வளவு இழுத்தாலும் கரையோரத்து அலையாத்தி மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மற்றவர்களை விடப் பின்தங்கிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் கையில் இருந்த பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன்.

மறுநாள் காலையில் வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவே, யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது போன்ற வலி தொடங்கியது. நான்கைந்து நாட்களில் அது தணிந்தது. ஆனால் தோளின் முன்புறத்தில் வேறொரு வலி வந்து சேர்ந்தது. பேருந்தில் மேலே உள்ள கைப்பிடியைப் பிடிக்கும்போதும், முந்தானையைத் தோளில் மடித்து ஊக்கு குத்தும்போதும் சுருக்கென்கிறது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

பலதுறை மருந்தகத்தில் பார்த்த மருத்துவர், தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அழற்சியாக இருக்கலாம் என்று கூறி ஒரு வாரத்துக்கு வலி மாத்திரை எழுதித் தந்து, ஓய்வெடுக்கச் சொன்னார். மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பிவிட்டது. இயன்முறை மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில், இரண்டு மாதம் கழித்து ஒரு மூன்று நாள் கடற்பயணத்துக்குப் பணமும் கட்டி வைத்திருக்கிறேன்.

நான் அறிய விரும்புவது இவைதாம். துடுப்பை முற்றிலும் நிறுத்திவிட வேண்டுமா, அல்லது குறைவாகத் தொடரலாமா? நான் துடுப்பு போடும் முறையில் எங்கேயோ பிழை இருக்கிறதா? சங்கத்தில் கிடைக்கும் துடுப்பையே பயன்படுத்துகிறேன். அலுமினியத் தண்டு, நீளம் 230 செ.மீ., சற்றுக் கனமானது. என் உயரம் 156 செ.மீ. எனக்குச் சர்க்கரை நோய் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

கழிமுகத்தான்

வணக்கம் அம்மா. நான் கோவளம் கழிமுகத்தில் பல ஆண்டுகளாகக் கயாக் கற்றுக்கொடுத்து வருகிறேன். மருத்துவம் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. துடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் மொழியில் துடுப்பு வலித்தல் என்று சொல்லிப் பழகியதாலோ என்னவோ, முதன்முதலில் கயாக்கில் உட்காரும் எல்லோரும் தண்ணீரைத் தம்மை நோக்கிக் கையால் இழுக்கிறார்கள், கடைசியில் வலியோடு வீடு திரும்புகிறார்கள். உண்மையில் துடுப்பின் அலகை, அதாவது அதன் தட்டையான முனையை, தண்ணீரில் ஊன்றிவிட்டு, ஊன்றிய அந்த இடத்தை நோக்கிப் படகைத்தான் நகர்த்துகிறோம். அந்த நகர்த்தலைச் செய்ய வேண்டியது முழங்கை அன்று, இடுப்புக்கு மேலே உள்ள உடம்பின் திருப்பம். வலப்புறம் அலகை ஊன்றும் முன்பே வலது தோள் முன்னே போயிருக்க வேண்டும். பாதத்துக்கு அருகே ஊன்றி, வலது காலால் மிதிகட்டையை உதைத்து, உடம்பைத் திருப்பினால், கை ஏறத்தாழ நீட்டியபடியே இருக்கும்போதே படகு முன்னேறும். அலகு இடுப்பருகே வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். இடுப்பைத் தாண்டி இழுக்கும் இழுப்பினால் படகுக்குப் பெரிய பயன் கிடையாது. அங்கே முழங்கை பின்னே போய்த் தோள்மூட்டின் முன்புறம்தான் சுமையை வாங்குகிறது. நீங்கள் சொல்லும் இடமும் அதுவே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 50 வீச்சு என்று கொண்டால், ஐந்து மணி நேரத்தில் 15,000 வீச்சு. ஒரு தோளுக்கு 7,500. சனிக்கிழமைகளின் இரண்டு மணி நேரத்தில் மன்னிக்கப்பட்டுவந்த சிறு பிழை, அன்றைக்கு ஒரே நாளில் இரண்டரை மடங்கு நேரம், அதுவும் எதிர்நீரோட்டத்தில், திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: முதுகுச் சாய்மானத்தில் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறீர்களா? அப்படியானால் உடம்பு திரும்பவே திரும்பாது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு பின்சீட்டில் இருப்பவரை நேராகப் பார்க்க முயன்றால் என்ன ஆகும் என்று இப்போதே செய்து பாருங்கள். சாய்மானம் இடுப்பின் அடிப்பகுதியைத் தாங்கினால் போதும். மிதிகட்டைகளையும் உங்கள் கால் நீளத்துக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும். வாடகைப் படகுகளில் முந்தையவர் வைத்த இடத்திலேயே அவற்றை விட்டுவிட்டு ஏறிக்கொள்வதுதான் நம்மவர் வழக்கம்.

துடுப்பின் நீளம் படகின் அகலத்தையும் பொறுத்தது. அகலமான, மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் படகுக்கு 230 செ.மீ. பொருந்தும். ஒடுங்கிய கடற்கயாக்கில் உங்கள் உயரத்துக்கு 210 செ.மீ. அளவே போதுமானது; நீளம் கூடினால் அலகு படகை விட்டு விலகி ஊன்றும், படகின் மூக்கு ஒருபுறம் திரும்பும், அதை நேராக்க மேலும் இழுப்பீர்கள். இன்னொன்று, மேல்கையின், அதாவது நீருக்கு வெளியே இருக்கும் அலகின் பக்கத்துக் கையின், உயரம். நெற்றி உயரத்துக்கு மேல்கையைத் தூக்கி, துடுப்பைச் செங்குத்தாகப் போடும் முறை வேகத்துக்கானது. தோள் ஆறும் வரை மேல்கை மார்பு உயரத்தைத் தாண்டாமல், துடுப்பைச் சாய்வாகப் போடுங்கள். பிடி தளர்வாக இருக்கட்டும். மேல்கையின் விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ள முடிகிறதென்றால் பிடி சரி.

எதிர்நீரோட்டத்தைப் பலத்தால் வெல்ல முயல்வது வீண் வேலை. கரையை ஒட்டிப் போனால் ஓட்டம் குறைவாக இருக்கும். முனைகளின் மறைவில் நீர் தேங்கி நிற்கும், அங்கே நின்று மூச்சு வாங்கலாம். அதைவிட முக்கியம், நீரோட்டம் திரும்பும் நேரத்தைப் பார்த்துப் புறப்படுவது. அது உங்கள் பிழையன்று. அழைத்துச் சென்றவர் பார்த்திருக்க வேண்டும்.

தசைநாண்

மதுரையில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய இயலாது என்பதால், உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்கலாம், அதுவரை வீட்டில் என்ன கவனிக்கலாம் என்ற அளவில் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னவை இரண்டு வலிகள். அவற்றைப் பிரித்தே பார்க்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் உள்ஓரத்தில் வந்த வலி, அந்த எலும்பை முதுகோடு இழுத்துப் பிடிக்கும் தசைகள் களைத்துப் போனதால் வந்திருக்கலாம். ஆனால் அதே இடத்தில் வலியைக் காட்டும் இன்னொரு வழக்கமான குற்றவாளி கழுத்து. கழுத்தின் கீழ்ப்பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளிலிருந்து எழும் வலி பெரும்பாலும் அங்கேதான் உணரப்படும். தலையைப் பின்னே சாய்த்து வலப்புறம் திருப்பும்போது அந்த வலி மீண்டும் எழுந்தாலோ, கைவிரல்களில் மரமரப்பு வந்தாலோ, பிடிமானம் குறைந்தாலோ, தோளை விட்டுவிட்டுக் கழுத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

முன்புறத்து வலி, தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகளின் நாண்கள் (ரொட்டேட்டர் கஃப் என்று உங்கள் சீட்டில் எழுதியிருப்பார்கள்) மிகைச்சுமைக்கு ஆளானதைப் போல் தெரிகிறது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறத்தாழ 60 பாகையிலிருந்து 120 பாகை வரை வலித்து, அதற்கு மேல் வலி குறைவதும், அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கலைவதும் இதன் அடையாளங்கள்.

சர்க்கரை பற்றி நீங்களாகச் சொன்னது நல்லதாயிற்று, ஏனென்றால் உங்கள் வயதில் நான் தவறவிட விரும்பாத ஒன்று இருக்கிறது. ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கம் 40 முதல் 60 வயதினரிடையே மிகுதி. சர்க்கரை நோயாளிகளிடம் இன்னும் மிகுதி. தொடக்கத்தில் அதுவும் சாதாரணத் தோள்வலியைப் போலவே இருக்கும். ஓர் எளிய சோதனை: முழங்கைகள் இரண்டையும் விலாவோடு ஒட்டி, 90 பாகைக்கு மடித்து, முன்கைகளை வெளிப்புறமாகக் கதவு திறப்பதுபோல் விரியுங்கள். வலதுகை இடதுகையைவிடத் தெளிவாகக் குறைவாக விரிந்து, வேறொருவர் மெல்லத் தள்ளினாலும் அதற்கு மேல் போகாமல் முட்டி நின்றால், மூன்று வாரம் காத்திருக்காமல் முன்னதாகவே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே ஸ்டீராய்டு ஊசி போடும் பேச்சு வந்தால், அது சில நாட்களுக்குச் சர்க்கரை அளவை ஏற்றக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முழு ஓய்வு தேவையா என்று கேட்டீர்கள். முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு அது சரி. ஐந்து வாரம் கழிந்த பிறகு நாணுக்குத் தேவைப்படுவது அளவான சுமை. இங்கு சொல்லும் மூன்றையும் உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். முதலாவதாக, சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையை மடித்து விலாவோடு வைத்து, மணிக்கட்டின் வெளிப்புறத்தால் சுவரை 30 முதல் 45 விநாடி மெல்லத் தள்ளுங்கள். கை நகரக் கூடாது, ஐந்து முறை போதும். இதில் வலி தணிந்த பிறகு, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, ரப்பர் பட்டையை வெளிப்புறமாக இழுப்பது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று. மூன்றாவது, குளியல் துண்டை இறுக்கமாக உருட்டித் தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே முதுகின் குறுக்கே வைத்து மல்லாந்து படுத்து, இரண்டு நிமிடம் மூச்சு விடுவது. நாள் முழுவதும் கணினி முன் குனிந்து இருப்பவர்களுக்கு மேல்முதுகு திரும்பும் தன்மையையே இழந்துவிடுகிறது. முந்தைய பதிவில் சொன்ன உடல்திருப்பம் எங்கிருந்து வர வேண்டுமோ, அந்த இடம் அதுதான். திரும்பாத முதுகுக்குப் பதிலாகத் தோள் உழைக்கிறது.

வலியைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது மூன்று வரை இருக்கலாம். மறுநாள் காலையில் முதல் நாளைவிடக் கூடியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். நாண்கள் தேற ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகும். உங்கள் மூன்று நாள் பயணத்துக்கு எட்டு வாரங்களே இருக்கின்றன. அந்தக் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தோளிலோ மேல்முதுகிலோ வரும் வலி கையை அசைக்காதபோதும், மாடிப்படி ஏறும்போதும் கூடி, அதனுடன் வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால், துடுப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

பனையோலை

இவ்வளவும் எதற்கு என்று புரியவில்லை. எங்கள் ஊரில் தோள் பிசகினால் எலும்பு கட்டுகிறவரிடம் போவார்கள். நல்லெண்ணெய் விட்டு உருவி, கையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் சரியாகிவிடும். என் தகப்பனார் கட்டுமரத்தில் ஐம்பது வருடம் துடுப்பு போட்டவர்; அவருக்குப் பயிற்சி யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

தசைநாண்

எண்ணெய் தேய்த்து இதமாக நீவிக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. களைத்த தசைக்கு அது சுகமாகவே இருக்கும். சுண்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். மூட்டு உண்மையாகவே விலகியிருந்தால், எலும்பு விரிசல் கண்டிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்காமல் இழுப்பது நரம்பையோ இரத்தக்குழாயையோ பாதிக்கலாம். விலகாமல் நாண் மட்டும் நைந்திருந்தால், சுண்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. உங்கள் தகப்பனாரைப் பொறுத்தவரை, அவர் சிறுவயது முதல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பழக்கியவர்; வாரம் ஐந்து நாள் நாற்காலியில் இருந்துவிட்டு ஆறாம் நாள் கடலுக்குப் போனவர் அல்லர்.

மழைக்காலத்தான்

தோள் விலகுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால், விலகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். கோயம்புத்தூர்க்காரன், மழைக்காலத்தில் கோழிக்கோட்டு மலையாறுகளில், சாலிப்புழை, இருவஞ்சிப்புழை பக்கம், பாறைகளிடையே நுரைத்துப் பாயும் நீரில் கயாக் செலுத்தப் போவேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், பாறைக்குக் கீழே நீர் பின்னோக்கிச் சுருளும் ஓர் இடத்தில் படகு சாய்ந்தது. கவிழாமல் இருக்கத் துடுப்பைத் தலைக்கு மேலே உயர்த்தி நீரில் அறைந்தேன். என் கை தலைக்குப் பின்னே இருந்தது. ஆறு அதை இன்னும் பின்னே கொண்டுபோயிற்று. ஈரத்துணியை உதறியது போன்ற ஒரு சத்தம் கேட்டது. அது தண்ணீரின் சத்தம் அன்று.

கரையில் என்னை உட்காரவைத்த நண்பர்கள், கையை இழுத்துப் பார்க்கலாமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். குழுவில் முதலுதவி படித்த பெண் ஒருவர் அதைத் தடுத்து, என் மிதவைச் சட்டையின் முன்புறத்திலேயே முன்கையைச் செருகி அசையாமல் வைத்துவிட்டு, தோளின் வெளிப்பக்கத்தைத் தொட்டு, "தொடுவது தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டார். உள்ளங்கை அளவு இடத்தில் உணர்வே இல்லை. அந்த இடத்து நரம்பு நசுங்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது. உணர்வு முழுதாகத் திரும்ப நான்கு மாதங்கள் ஆயின. மலைப்பாதையில் மூன்று மணி நேரம் வண்டியில் போய், மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டு மூட்டை உள்ளே தள்ளினார்கள். அடுத்த ஆண்டு, பேருந்து மேல்தட்டில் பை வைக்கும்போது மீண்டும் விலகியது. அதன் பிறகுதான் அறுவை செய்துகொண்டேன். இளவயதில் ஒரு முறை விலகிய தோள் மறுபடி விலகும் வாய்ப்பு மிகுதி என்பதை முதல் தடவையே என்னிடம் யாராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

அக்கா, உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். என் பயிற்சியாளர் பெட்டி, சதுரம் என்றெல்லாம் விளக்கியபோது புரியாதது, என் பாட்டி முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்தபோது புரிந்தது. முறம் எப்போதும் மார்புக்கு முன்னேதான் இருக்கிறது, முழங்கைகள் கீழ்நோக்கி, உடம்புக்கு அருகே இருக்கின்றன. கொட்டுவதற்குப் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தால் பாட்டி முறத்தோடு சேர்ந்து முழு உடம்பாகத் திரும்புகிறார், கையை மட்டும் பின்னே கொண்டுபோவதில்லை. துடுப்பும் அப்படியே. கைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும்வரை தோள் விலகுவது அரிது. படகு சாய்ந்தால் துடுப்பைத் தாழ்வாக, முழங்கை அதற்கு மேலே இருக்கும்படி வைத்துத் தண்ணீரை அழுத்துங்கள். அதுவும் கைகூடவில்லையென்றால் கவிழ்ந்துவிடுங்கள். நனைந்த துணி ஒரு மணி நேரத்தில் உலரும்.

நீலாம்பல்

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருள்க.

கதவு திறக்கும் சோதனையில் இரண்டு கைகளும் ஒரே அளவு விரிந்தன. இயன்முறை மருத்துவரும் தோள் இறுக்கம் இல்லை, நாண்தான் என்று உறுதிசெய்தார். அவர் தந்த பயிற்சிகளும் ஏறத்தாழ இங்கே சொன்னவையே. தோள்பட்டை எலும்பை முன்னே தள்ளும் ஒரு சுவர்ப் பயிற்சியை மட்டும் கூடுதலாகச் சேர்த்தார். நான்காவது வாரத்திலிருந்து இரவில் விழிப்பு வருவதில்லை.

நண்பர் ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து நான் துடுப்பு போடுவதைப் படம் பிடிக்கச் சொன்னேன். பார்க்க வெட்கமாக இருந்தது. சாய்மானத்தில் ஈசிச்சேரில் கிடப்பதுபோல் கிடக்கிறேன். மிதவைச் சட்டையின் முன்புறத்துச் சின்னம் படம் முழுவதும் ஒரே திசையைப் பார்த்தபடி இருக்கிறது, இரண்டு கைகள் மட்டும் இயந்திரம் போல ஓடுகின்றன. இப்போது அந்தச் சின்னம் ஒவ்வொரு வீச்சிலும் இடமும் வலமும் திரும்புகிறதா என்பதையே கவனிக்கிறேன். வாரம் இருமுறை, நாற்பது நிமிடம் மட்டும்.

எதிர்பாராத இன்னொன்றையும் மருத்துவர் கண்டுபிடித்தார். தண்ணீரில் வராத வலி, படகை அடுக்கிலிருந்து இறக்கும்போது வருகிறது. எங்கள் இடத்தில் படகுகள் தோள் உயரத்துக்கு மேல் அடுக்கப்பட்டிருக்கும். நான் ஒருத்தியாகவே இழுத்து இறக்கிவிடுவேன், அதில் சிறிது பெருமையும் உண்டு. கடற்கயாக் ஒன்று 25 கிலோ வரை இருக்கும் என்று அவர் சொன்னபோது, அதைத் தலைக்கு மேலே கை நீட்டித் தாங்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. இப்போது இருவராக இறக்குகிறோம். கரை வரை சக்கரவண்டியில் தள்ளிப் போகிறேன்.

மூன்று நாள் பயணத்தை விட்டுவிட்டேன். கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைத்தது. சொந்தமாக ஒரு துடுப்பு வாங்கலாம் என்றிருக்கிறேன். கார்பன் துடுப்புக்குக் கேட்கும் விலை நியாயம்தானா?

கழிமுகத்தான்

நல்ல செய்தி, அம்மா. அலுமினியத் துடுப்பு ஒரு கிலோவைத் தாண்டும். நல்ல கார்பன் துடுப்பு முக்கால் கிலோவுக்கும் குறைவு. ஒரு தோளுக்கு ஆயிரக்கணக்கில் வீச்சு என்னும்போது அந்தக் கால் கிலோ வீட்டு எடைக்கருவி காட்டுவதைவிடப் பெரியது. எடையைவிட அலகின் அகலத்தைப் பாருங்கள் என்பேன். பெரிய அலகு ஒவ்வோர் ஊன்றலிலும் தோளை ஓர் உலுக்கு உலுக்கும்.

கிரீன்லாந்து மக்களின் மரத்துடுப்பு ஒன்று உண்டு. அலகு உள்ளங்கைப் பிடிக்குள் அடங்கும் அகலமே இருக்கும், தண்ணீரில் மெல்ல ஏறிப் பிடிக்கும், தோளை உலுக்காது. அதற்கு அவர்கள் சொல்லும் மரபளவு, விரித்த இரு கைகளின் நீளமும் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளமும். நம் கடற்கரையில் கேட்டால் ஒரு பாகமும் ஒரு முழமும் என்பார்கள். உங்கள் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அளவில் வரும். அகலமான பிளாஸ்டிக் படகுக்கு அது குட்டையாகப் போய்விடும்; ஒடுங்கிய கடற்கயாக்கில் மட்டும் முயன்று பாருங்கள். யாரிடமாவது இரவல் வாங்கி இரண்டு சனிக்கிழமை போட்டுப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.